வேலூருக்கு வெள்ள வரைபடம், வெயில் வரைபடம்: இணையத்தில் இருப்பதில் எதை எதற்கு நம்பலாம்?

பாலாற்றங்கரை எழுதியது:

வணக்கம். வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்குள் எங்கள் வார்டு பகுதி சபையில் ஒரு வெள்ள வரைபடத்தை வைக்க வேண்டும் என்று தெருக்காரர்கள் சிலர் சேர்ந்திருக்கிறோம். "இங்கே தண்ணீர் நிற்கிறது" என்று ஒவ்வொரு வருடமும் மனு கொடுக்கிறோம், மோட்டார் வைத்து இறைக்கிறார்கள், அடுத்த மழைக்குத் திரும்ப நிற்கிறது. வாய்ச் சொல்லாகச் சொல்வதை விட வரைபடமாகக் கொடுத்தால் பேச்சே வேறு மாதிரி இருக்கும் என்பது என் நம்பிக்கை.

அதனால் இணையத்தில் இலவசமாகக் கிடைப்பதை எல்லாம் திறந்து பார்த்தேன். வெள்ள முன்னறிவிப்புக்குக் கூகுள் ஃப்ளட் ஹப், குளோஃபாஸ், வெள்ள அபாயத்துக்கு அக்வடக்ட், வரைபடமும் செயற்கைக்கோள் படமும் பார்க்க இஸ்ரோவின் புவன், ஐரோப்பியர்களின் கோப்பர்நிக்கஸ் பிரவுசர் என்று பட்டியல் நீளமாக இருக்கிறது. எல்லாவற்றிலும் பாலாறு தெரிகிறது. வேலூருக்குள் இருக்கிற கன்சால்பேட்டையும் நிக்கல்சன் கால்வாயும் எதிலும் தெரியவில்லை. கால்வாய் ஓரத்தில் இருக்கிற இந்திரா நகரில் எந்த வீட்டைக் கேட்டாலும் சுவரைக் காட்டி "இதுவரைக்கும் வந்தது" என்று சொல்வார்கள். அந்தச் சுவரில் இருக்கிற விவரம் உலக வரைபடம் எதிலும் ஏறவில்லை. கோட்டை அகழி நிரம்பி ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்குள்ளேயே தண்ணீர் புகுந்ததை 2021 நவம்பரில் ஊரே பார்த்தது, அதற்கும் எந்த வரைபடத்திலும் அடையாளம் இல்லை.

என் கேள்வி இதுதான். இந்தக் கருவிகளில் எது நம் தெரு அளவுக்கு உதவும், எது உதவாது? தெரிந்தவர்கள் விவரமாகச் சொல்லுங்கள். எனக்கு கம்ப்யூட்டர் ஓரளவு வரும், வரைபடம் போடும் கியூஜிஐஎஸ் மென்பொருளை இப்போதுதான் கற்றுக்கொண்டிருக்கிறேன்.

காட்பாடி வாசி எழுதியது:

நல்ல வேலை, கைவிடாதீர்கள். நான் இந்தத் துறையில் வேலை பார்க்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்ளுங்கள். ஆறு பெருகி ஊருக்குள் வருவது ஒரு வெள்ளம். ஊருக்குள் பெய்த மழையும் மலையிலிருந்து இறங்கிய மழையும் வெளியே போக வழி இல்லாமல் நிற்பது இன்னொரு வெள்ளம். நீங்கள் சொன்ன கருவிகளில் பெரும்பாலானவை முதல் வகைக்காகச் செய்யப்பட்டவை. ஃப்ளட் ஹப் ஏழு நாள் முன்னதாகச் சொல்வது ஆற்றின் நீர்வரத்தைத்தான். குளோஃபாஸில் ஒரு கட்டம் கிட்டத்தட்ட 5 கிலோமீட்டர் அகலம், அதற்குள் கோட்டை, பழைய பஸ் ஸ்டாண்டு, சைதாப்பேட்டை எல்லாமே அடங்கிவிடும். அக்வடக்டில் கட்டம் சுமார் 1 கிலோமீட்டர். அது நாடுகளையும் பெரிய ஆற்றுப்படுகைகளையும் ஒப்பிட்டுப் பார்க்கச் செய்தது, 2030, 2050, 2080 என்று எதிர்காலக் கணக்கும் போடும். தெருவுக்கு அதைக் கேட்கவே கூடாது.

அடுத்தது உயரம். வெள்ளக் கணக்கு எல்லாமே தரையின் உயரத்தில்தான் நிற்கிறது. தரையின் உயரத்தைப் புள்ளி புள்ளியாகச் சொல்லும் தரவை டெம் என்பார்கள், இலவசமாகக் கிடைப்பவற்றில் முக்கியமானவை மூன்று. எஸ்ஆர்டிஎம் 2000 பிப்ரவரியில் விண்வெளி ஓடத்தில் இருந்து ரேடாரால் எடுத்தது. கோப்பர்நிக்கஸ் டெம் அதற்குப் பிறகு எடுத்தது, தரமும் கூடியது. புவனில் நம் கார்ட்டோசாட் செயற்கைக்கோள் படங்களில் இருந்து செய்த கார்ட்டோடெம் இருக்கிறது. மூன்றிலும் ஒரு புள்ளி என்பது 30 மீட்டருக்கு 30 மீட்டர். அந்தப் புள்ளிக்குள் ஒரு தெருவே முடிந்துவிடும். மரத்தின் தலையும் மாடியின் தலையும் தரையோடு கலந்து வரும். உயரத்தில் சில மீட்டர் பிழை சாதாரணம். நம் தெருவில் நிற்பதோ இரண்டு அடி தண்ணீர். மீட்டர் கணக்கில் பிழை உள்ள அளவுகோலால் அடிக்கணக்கை அளக்க முடியாது, யார் அழகான நீல வண்ணத்தில் போட்டுக் கொடுத்தாலும் சரி. மரமும் கட்டடமும் கழித்த ஃபேப்டெம் என்று ஒன்று 2022இல் வந்தது, அது இவற்றை விட மேல், ஆனால் அதுவும் 30 மீட்டர்தான்.

அப்படியென்றால் பயனே இல்லையா? இருக்கிறது. மலைத்தண்ணீர் எந்தப் பக்கமாக இறங்குகிறது, எந்த எந்த மடிப்பு ஒன்று சேர்ந்து ஒரே கானாறாக ஆகிறது, அதன் பின்னால் எவ்வளவு பரப்பு மழை வாங்குகிறது என்பதற்கு இந்த டெம் போதும். கியூஜிஐஎஸ்ஸில் நீரோட்டத் திசைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். வேலூருக்கு இது நன்றாக வரும், காரணம் ஒரு பக்கம் மலை செங்குத்தாக நிற்கிறது, இன்னொரு பக்கம் பாலாறு. மலைக்கும் ஆற்றுக்கும் நடுவில்தான் நாம் எல்லோரும் இருக்கிறோம்.

ஆனால் நடுவில் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலை இருக்கிறது. மலையில் பெய்தது பாலாற்றுக்குப் போக வேண்டுமென்றால் அந்தச் சாலையின் அடியில் இருக்கிற சிறுபாலம் வழியாகத்தான் போக வேண்டும். டெம்முக்குச் சிறுபாலம் தெரியாது. பாலத்தின் வாய் எவ்வளவு அகலம், எவ்வளவு மண் அடைத்திருக்கிறது என்பது நடந்துபோய்ப் பார்த்தால் மட்டும்தான் தெரியும். நெடுஞ்சாலையில் இருக்கிற கிரீன் சர்க்கிள் சந்திப்பில் ஏன் தண்ணீர் நிற்கிறது என்று கேட்டால் நான் முதலில் பார்க்கச் சொல்வது இதைத்தான்.

கானாறு எழுதியது:

சத்துவாச்சாரிக்காரனாக இதை அப்படியே ஆமோதிக்கிறேன். எங்கள் பக்கம் கானாறு என்று சொன்னால் சின்னப் பிள்ளைக்கும் தெரியும், மலையில் இருந்து வருகிற ஓடை. வருடத்தில் பெரும்பாலான நாள் காய்ந்து கிடக்கும், குப்பை கொட்டுவார்கள், வண்டி நிறுத்துவார்கள். நல்ல மழை ஒரு மணி நேரம் பெய்தால் போதும், அது தன் வழியைத் தேடி வந்துவிடும். கூகுள் வரைபடத்தில் அது ஒரு காலி இடம், சில இடத்தில் தெரு என்றே போட்டிருக்கிறது. யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடிய ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் இணைய வரைபடத்தில் நம்மால் வரைய முடியும். கானாறு எங்கே திறந்து ஓடுகிறது, எங்கே சிலாப் போட்டு மூடியிருக்கிறது, எங்கே மூன்றடிக் குழாய்க்குள் திணித்திருக்கிறது என்று பிரித்துப் போடலாம். மூடிய இடத்தைக் குறிப்பதுதான் முக்கியம், ஏனென்றால் அங்கேதான் அடைக்கிறது.

சர்வே கல் எழுதியது:

தம்பிகள் பேசுவதைப் படித்தேன், சந்தோஷம். நான் நில அளவையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். நீங்கள் யாரும் தொடாத ஒரு வரைபடத்தைப் பற்றிச் சொல்கிறேன்.

செயற்கைக்கோளைப் பார்ப்பதற்கு முன்னால் வருவாய்த் துறை ஆவணத்தைப் பாருங்கள். ஒவ்வொரு கிராமத்துக்கும் கிராம வரைபடம் உண்டு, ஒவ்வொரு புல எண்ணுக்கும் எஃப்எம்பி (புல அளவு வரைபடம்) உண்டு, அதோடு சேர்த்து எந்த நிலம் என்ன வகை என்று சொல்லும் அ-பதிவேடு. அ-பதிவேட்டில் புறம்போக்கு என்றால் என்ன புறம்போக்கு என்று எழுதியிருக்கும்: ஏரி, ஓடை, வாய்க்கால், குட்டை, பாதை. சத்துவாச்சாரி, தாராபடவேடு, கழிஞ்சூர் எல்லாம் மாநகராட்சியில் சேர்வதற்கு முன் தனித்தனி ஊராக இருந்தவை, அவற்றுக்குப் பழைய கிராம வரைபடம் இருக்கிறது. ஊருக்கு நடுவில் நகர நில அளவைப் பதிவேடு, அதில் வார்டு, பிளாக், டி.எஸ். எண் என்று வரும். எஃப்எம்பி, அ-பதிவேடு இரண்டையும் தமிழ்நாடு அரசின் இ-சர்வீசஸ் தளத்திலேயே வீட்டில் இருந்து எடுக்கலாம். கிராம வரைபடத்துக்கு அலுவலகத்தில் மனுப் போட வேண்டியிருக்கும்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், ஏரிக்குத் தண்ணீர் வருகிற வரத்துக்கால்வாயும், ஏரி நிரம்பிக் கோடி போனால் (வழிந்தால்) தண்ணீர் போகிற உபரிக் கால்வாயும் அந்த வரைபடத்தில் கோடாக இருக்கும், அகலத்தோடு. இன்று தரையில் பார்த்தால் கால்வாய் இருக்காது, வீடு இருக்கும், கடை இருக்கும், சில இடத்தில் சாலையே இருக்கும். ஆனால் சரிவு மாறவில்லை. கோடி போகிற தண்ணீர் பழைய கால்வாய் வழியைத்தான் தேடும். கழிஞ்சூர் ஏரி நிரம்பி 2021இல் வி.ஜி. ராவ் நகர்ப் பக்கம் வீடுகளைத் தண்ணீர் சூழ்ந்ததே, அந்த மாதிரி இடத்தில் பழைய வரைபடத்தையும் இன்றைய கூகுள் படத்தையும் ஒன்றன்மேல் ஒன்று போட்டுப் பார்த்தால் பாதி விளக்கம் கிடைத்துவிடும்.

மேலே போடும்போது கவனம் வேண்டும். கிராம வரைபடத்தை ஸ்கேன் செய்து கியூஜிஐஎஸ்ஸில் பொருத்த, மாறாத புள்ளிகள் வேண்டும். மூன்று கிராம எல்லை சேரும் இடத்தில் கல் இருக்கும், பழைய கோயில் இருக்கும், ஏரிக்கரையின் மதகு இருக்கும், ரயில் பாதை சாலையைத் தாண்டும் இடம் இருக்கும். இவற்றை எடுங்கள். மரத்தையோ வீட்டு மூலையையோ எடுக்காதீர்கள். ஊரின் நாலா பக்கமும் பரவலாகப் புள்ளி இருக்க வேண்டும், ஒரே மூலையில் குவித்தால் மறு மூலை கோணிக்கொள்ளும். இவ்வளவு செய்தாலும் சில மீட்டர் தள்ளித்தான் உட்காரும். அதனால் இதை வைத்து "உன் வீடு கால்வாயில் இருக்கிறது" என்று யாரிடமும் சொல்லாதீர்கள், அதற்கு சர்வேயர் வந்து சங்கிலி போட்டு அளக்க வேண்டும். தண்ணீரின் வழியைப் புரிந்துகொள்ள இது போதும்.

பாலாற்றங்கரை எழுதியது:

ஐயா, இது எனக்குத் தோன்றவே இல்லை. மிகுந்த நன்றி. தாலுகா அலுவலகத்தில் கிராம வரைபடம் கேட்டுப் பார்க்கிறேன்.

குடியாத்தம் தறி எழுதியது:

வேலூர்க்காரர்கள் மலையைப் பேசுகிறீர்கள், எங்களுக்கு ஆறுதான் பிரச்சினை. கௌண்டன்யா ஆறு குடியாத்தம் ஊருக்கு நடுவிலேயே போகிறது, மேலே மோர்தானா அணை. அணை நிரம்பினால் வருகிறதெல்லாம் ஊருக்குள்தான். 2021 நவம்பரில் ஆற்றோரத்துத் தெருக்கள் என்ன பாடுபட்டன என்று நேரில் பார்த்தவன்.

ஒரு விஷயம் கோபமாகவே சொல்ல வேண்டும். நம் மாநில வரைபடங்கள் எல்லைக்கோட்டோடு நின்றுவிடுகின்றன, அதற்கு அந்தப் பக்கம் வெள்ளையாக இருக்கிறது. பாலாறு கர்நாடகத்தில் பிறந்து 93 கிலோமீட்டர் ஓடி, ஆந்திராவில் 33 கிலோமீட்டர் ஓடி, அப்புறம்தான் நம்மிடம் வருகிறது. புல்லூர் தடுப்பணை வழிந்தால் வாணியம்பாடிக்காரர்கள் ஆற்றைப் பார்க்கக் கிளம்புகிறார்கள். சித்தூர்ப் பக்கம் கலவகுண்டா அணை திறந்தால் பொன்னை ஆற்றில் வரும். கௌண்டன்யாவுக்கும் மேல்பகுதி ஆந்திரக் காடுதான். எல்லைக்கு அந்தப் பக்கம் எவ்வளவு மழை என்று தெரியாமல் இந்தப் பக்கம் வரைபடம் போட்டு என்ன பயன்? இந்த ஒரு விஷயத்தில் உலக அளவுக் கருவிகள்தான் நமக்கு நல்லது, அவற்றுக்கு மாநில எல்லை கிடையாது. ஹைட்ரோஷெட்ஸ் என்று ஒரு தரவு இருக்கிறது, ஆற்றுப்படுகை முழுவதையும் ஒரே துண்டாகக் கொடுக்கும். அதை வைத்து எங்கள் ஊருக்கு மேலே எவ்வளவு பரப்பு இருக்கிறது என்று பார்த்தபோதுதான் ஊரில் தூறல்கூட இல்லாத நாளில் ஆற்றில் தண்ணீர் வருவது ஏன் என்று பிள்ளைகளுக்குச் சொல்ல முடிந்தது.

அப்புறம் ஐரோப்பியர்களின் சென்டினல் செயற்கைக்கோள் எடுக்கிற ரேடார் படம் பற்றி யாராவது சொல்லுங்கள். மேகத்தைத் தாண்டிப் பார்க்கும் என்கிறார்கள். நான் பார்த்தபோது பாலாறு முழுக்கத் தண்ணீர் ஓடுவது போலக் கறுப்பாக இருந்தது, அந்த மாதம் ஆற்றில் சொட்டுத் தண்ணீர் இல்லை.

காட்பாடி வாசி எழுதியது:

அண்ணா, நீங்கள் பார்த்தது மணல். ரேடார் அலை தட்டையான பரப்பில் பட்டால் கண்ணாடியில் பட்ட வெளிச்சம் போல வேறு பக்கம் தெறித்துப் போய்விடும், திரும்பி வராது, அதனால் படத்தில் கறுப்பு. அமைதியான தண்ணீரும் அப்படித்தான், காய்ந்து வழுவழுப்பாக இருக்கிற ஆற்றுமணலும் அப்படித்தான். பாலாறு மாதிரி மணலாறு உள்ள ஊருக்கு இது பெரிய பொறி. இதைச் சமாளிக்க ஒரே வழி, வெள்ளத்துக்கு முந்தைய படம், வெள்ள நாள் படம் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எது மாறியது என்று பார்ப்பது. முன்னாலும் கறுப்பு, பின்னாலும் கறுப்பு என்றால் அதைத் தண்ணீர்க் கணக்கில் சேர்க்க முடியாது.

ஊருக்குள் இதற்கு நேர்மாறான சிக்கல். தெருவில் தண்ணீர் நின்றால் அலை தண்ணீரில் பட்டு, சுவரில் பட்டு, நேராகத் திரும்பி வந்துவிடும், படத்தில் வெள்ளையாகத் தெரியும். அதனால் ரேடார் படத்தை வைத்து வயல், ஏரி, ஆற்றோரத் தோப்பு ஆகியவற்றைச் சொல்லலாம், கன்சால்பேட்டையைச் சொல்ல முடியாது. இன்னொன்று, சென்டினல்-1இல் ஒரு செயற்கைக்கோள் ஒரே பாதைக்கு 12 நாளுக்கு ஒருமுறைதான் வரும். நம் ஊர்த் தண்ணீர் ஒரு ராத்திரியில் வந்து மறுநாள் வடிந்துவிடுகிறது. படத்தில் இல்லை என்றால் வெள்ளம் வரவில்லை என்று அர்த்தம் இல்லை, அந்த நேரத்தில் கேமரா மேலே இல்லை, அவ்வளவுதான். கூட்டத்தில் யாராவது "சாட்டிலைட் படத்தில் ஒன்றும் இல்லையே" என்றால் இதைச் சொல்லுங்கள்.

ஏரிகளின் சரித்திரத்துக்கு ஐரோப்பிய ஆணையத்தின் உலக மேற்பரப்பு நீர் வரைபடம் நல்லது, 1984 முதல் அமெரிக்காவின் லேண்ட்சாட் செயற்கைக்கோள் படங்களை வைத்து எந்த மாதம் எங்கே தண்ணீர் இருந்தது என்று சொல்லும். சதுப்பேரி, ஓட்டேரி, காவேரிப்பாக்கம் ஏரி எல்லாம் பாருங்கள். ஆனால் 1984க்கு முன்னால் நடந்தது அதற்குத் தெரியாது. 1903 நவம்பரில் வாணியம்பாடியைப் பாலாறு அடித்துக்கொண்டு போனது, நினைவுத்தூண் இன்றும் நிற்கிறது. எந்தச் செயற்கைக்கோள் தொகுப்பிலும் அந்த வெள்ளம் இல்லை. நாற்பது வருடத் தரவை வைத்துக்கொண்டு "இந்த ஆறு இவ்வளவுதான்" என்று வீட்டுமனை போடுகிறவர்களுக்கு அந்தத் தூணைக் காட்ட வேண்டும்.

மலையடி எழுதியது:

எல்லோரும் நல்ல எண்ணத்தில்தான் பேசுகிறீர்கள், எனக்குத் தெரியும். ஆனால் இந்த வரைபடம் யார் கைக்குப் போகும், அவர்கள் அதை வைத்து என்ன செய்வார்கள் என்று யாரும் கேட்கவில்லை.

எங்கள் தெரு மலையோரம், கானாற்றை ஒட்டி. பட்டா இல்லாதவர்கள் நிறையப் பேர், இரண்டு தலைமுறையாக இருக்கிறோம். வரி கட்டுகிறோம், கரண்ட் இருக்கிறது. நீங்கள் பழைய கால்வாயைச் சிவப்புக் கோடாகப் போட்டு இணையத்தில் ஏற்றினால் முதலில் ஜேசிபி எங்கே வரும்? அதே கால்வாய் மேல் தளம் போட்டு நிற்கிற கல்யாண மண்டபத்துக்கு வராது. எங்கள் ஓட்டு வீட்டுக்குத்தான் வரும். நீர்நிலை ஆக்கிரமிப்பு என்றால் சட்டம் இருக்கிறது, 2007இல் போட்ட ஏரிப் பாதுகாப்புச் சட்டம், எல்லாம் சரி. அது எல்லோருக்கும் ஒரே மாதிரி நடக்கும் என்று எனக்கு யாராவது எழுதிக்கொடுங்கள், அப்புறம் நானே வந்து உங்களோடு கால்வாய் அளக்கிறேன்.

சர்வே கல் எழுதியது:

அம்மா, உங்கள் பயம் நியாயமானது. நான் வேலையில் இருந்தபோது பார்த்த விஷயமும் அதுதான், அளவு முதலில் போகிற இடம் கூரை வீடு. அதனால்தான் முன்பே சொன்னேன், வீட்டைக் குறிக்காதீர்கள் என்று. தண்ணீர் எங்கே அடைக்கிறது என்று குறித்தால் போதும்.

கானாறு எழுதியது:

எனக்கு இதில் வேறு கருத்து. மறைத்து வைப்பதால் மலையடித் தெரு பாதுகாப்பாக ஆகிவிடாது. அரசாங்கத்திடம் பழைய வரைபடம் ஏற்கனவே இருக்கிறது, இடிக்க வேண்டும் என்று நினைத்தால் நம் வரைபடம் இல்லாமலேயே இடிப்பார்கள். அவர்களிடம் இல்லாதது, அந்தத் தெருவில் முழங்கால் தண்ணீரில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நின்றவர்களின் விவரம். அதைச் சேர்த்தால் இடிப்பதற்கு முன் மாற்று இடம் கேட்க, சிறுபாலத்தை அகலப்படுத்தச் சொல்ல, மேலே தடுப்புச் சுவர் கேட்க ஒரு பிடி கிடைக்கும். மண்டபத்தையும் சேர்த்தே வரையுங்கள். பெரிய கட்டடத்தின் அடியில் கால்வாய் எத்தனை அடிக்குச் சுருங்குகிறது என்று போட்டோவோடு போடுங்கள். ஓட்டு வீட்டைக் காட்டி மண்டபத்தை மறைக்கிற வரைபடம்தான் உங்களுக்கு ஆபத்து.

மலையடி எழுதியது:

மண்டபமும் வரும் என்றால் பேசலாம். எங்கள் தெருவில் கணக்கெடுக்க எங்கள் தெருப் பெண்களே வருவார்கள், வெளியாட்கள் வேண்டாம். எந்த விவரத்தை வெளியே விடுவது என்றும் நாங்களே சொல்வோம்.

குடியாத்தம் தறி எழுதியது:

அதுதான் சரி. நான் ஒன்று சேர்க்கிறேன், மனசு கனத்துத்தான் எழுதுகிறேன். 2021 நவம்பர் 19 அன்று பேரணாம்பட்டில் வீடு இடிந்து 9 பேர் போனார்கள், குழந்தைகளும் அதில். அவர்களை ஆறு அடித்துக்கொண்டு போகவில்லை. நாள் கணக்கில் பெய்த மழையில் ஊறிய சுவர் தூங்குகிறவர்கள் மேல் விழுந்தது. எவ்வளவு நுட்பமான வெள்ள வரைபடம் போட்டிருந்தாலும் அந்த வீடு அதில் வந்திருக்காது. அதனால் தண்ணீர் எங்கே நிற்கும் என்பதோடு எந்தச் சுவர் தாங்காது என்பதையும் எழுதுங்கள். மண் சுவரா, செங்கல்லா, ஓடா, சீட்டா, எத்தனை வருடத்துக் கட்டடம், மழை என்றால் இரவு போய்ப் படுக்கப் பக்கத்தில் பள்ளிக்கூடமோ மண்டபமோ இருக்கிறதா என்று. இதற்கு எந்தச் செயற்கைக்கோளும் வேண்டாம்.

வெயிலூர் டீச்சர் எழுதியது:

வெள்ளத்தோடு வெயிலையும் சேருங்கள் என்று கேட்கத்தான் வந்தேன். மழை வருடத்தில் சில நாள், வெயில் மாதக்கணக்கில். மே மாதத்தில் 40 டிகிரியைத் தாண்டாத வருடம் எனக்கு நினைவில்லை. எங்கள் பள்ளியில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை வகுப்பில் மதியம் பிள்ளைகளுக்குத் தலை சுற்றுகிறது. லேண்ட்சாட் வெப்பப் படம் என்று ஒரு மாணவன் காட்டினான், அதில் ஊருக்குள் இருப்பதை விட மலைதான் அதிகச் சிவப்பாக இருந்தது. அது எப்படி? எந்த அளவுக்கு நம்பலாம்?

காட்பாடி வாசி எழுதியது:

டீச்சர், அந்தப் படம் காட்டுவது பரப்பின் சூடு. நாம் மூச்சு விடுகிற காற்றின் சூடு வேறு. லேண்ட்சாட் நம் மேல் போவது காலை பத்து, பத்தரை மணிவாக்கில். அந்த நேரத்துக்குள் வேலூர் மலையின் மொட்டைப் பாறையும் பாலாற்று மணலும் நன்றாகக் காய்ந்துவிடும், அதனால் சிவப்பு. கட்டடங்களுக்கு நடுவில் நிழல் இருக்கும், சுவர் மெதுவாகத்தான் சூடேறும், அதனால் ஊர் அந்த நேரத்தில் கொஞ்சம் தணிவாகக்கூடத் தெரியலாம். ஊரின் கொடுமை ராத்திரியில், பகலில் குடித்த சூட்டைக் கான்கிரீட் விடிய விடிய விடுகிறது. அதைப் பார்க்க விண்வெளி நிலையத்தில் இருக்கும் ஈக்கோஸ்ட்ரெஸ் கருவியின் இரவுப் படங்களைத் தேடுங்கள், சுமார் 70 மீட்டர் நுட்பம், இலவசம். லேண்ட்சாட்டின் வெப்பப் பட்டை 100 மீட்டர்தான், பள்ளிக்கூடத்தின் கூரையைத் தனியாகக் காட்டாது.

உங்களுக்கு நான் சொல்வது இதுதான். படத்தை வைத்து எந்தப் பேட்டையில் மரமே இல்லை, ஏரியும் அகழியும் பக்கத்தை எவ்வளவு குளிர்வாக வைத்திருக்கின்றன என்று பாருங்கள். வகுப்பறைக்கு ஒரு தெர்மாமீட்டர் மாட்டி, மதியம் இரண்டு மணிக்குப் பிள்ளைகளையே எழுதச் சொல்லுங்கள், ஆஸ்பெஸ்டாஸ் வகுப்பிலும் கான்கிரீட் வகுப்பிலும். கல்வி அலுவலரிடம் கூரை மாற்றக் கேட்பதற்கு அந்த நோட்டுதான் பலமான ஆதாரம்.

வெயிலூர் டீச்சர் எழுதியது:

தெர்மாமீட்டர் வாங்கிவிடுகிறேன். நன்றி தம்பி.

பாலாற்றங்கரை எழுதியது:

இவ்வளவு பதில் வரும் என்று நினைக்கவில்லை. நான் புரிந்துகொண்டபடி செய்யப்போவதைச் சொல்கிறேன், தவறு இருந்தால் திருத்துங்கள்.

டெம்மை வைத்து மலைத்தண்ணீரின் பெரிய வழியை மட்டும் போடுகிறோம். அதன் மேல் கிராம வரைபடத்தில் இருந்து ஏரி, வரத்துக்கால்வாய், உபரிக் கால்வாய். அதன் மேல் நாங்கள் நடந்து பார்க்கிற சிறுபாலம், மூடிய வடிகால், அடைப்பு, எல்லாம் போட்டோவோடு. கடைசியாகத் தெருக்காரர்கள் சொல்வது. தண்ணீரின் ஆழத்தை அடியில் கேட்டால் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள், அதனால் கணுக்கால், முழங்கால், இடுப்பு என்று கேட்கப்போகிறோம். எந்தப் பக்கத்தில் இருந்து வந்தது, எத்தனை மணிக்கு ஏறியது, எப்போது வடிந்தது, மழைநீரா சாக்கடையும் கலந்ததா என்பது வரைக்கும். 2015 சென்னை வெள்ளத்தில் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பை வைத்து மக்களே மூழ்கிய தெருக்களைக் குறித்தார்களே, அது மாதிரி. ஆனால் நமக்கு மழைக்கு முன்பே நேரம் இருக்கிறது. வீட்டு எண்ணும் பெயரும் பொது வரைபடத்தில் வராது. தெருத் துண்டுக்கு ஒரு நிறம், அவ்வளவுதான். மலையடி அக்கா சொன்னபடி அவர்கள் தெருவின் தாள் அவர்களிடமே இருக்கும்.

ஒரே ஒரு சந்தேகம். உயரத்தை டெம்மில் நம்ப முடியாது என்றால், எந்தத் தெரு எதை விடத் தாழ்வு என்று எப்படி அளப்பது? லெவல் மிஷின் வாடகைக்கு எடுக்க எங்களிடம் காசு இல்லை.

கானாறு எழுதியது:

கொத்தனாரிடம் இருக்கிற டியூப் லெவல் போதும். ஒளி ஊடுருவுகிற நீளமான குழாயில் குமிழி இல்லாமல் தண்ணீர் நிரப்பி, ஒரு முனையைச் சிறுபாலத்தின் சுவரில் பிடித்து, மறு முனையை அடுத்த வீட்டு வாசலில் பிடித்தால் இரண்டு பக்கமும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கும். தரையில் இருந்து அளந்து கழித்தால் உயர வித்தியாசம் அங்குலக் கணக்கில் கிடைத்துவிடும். குழாய் நீளத்துக்கு ஒரு தாவல், அப்படியே தெருக்கோடி வரைக்கும் போகலாம். கடைசியில் திரும்பப் புறப்பட்ட இடத்துக்கே வந்து முடியுங்கள், கணக்கு நேராகவில்லை என்றால் நடுவில் எங்கோ பிசகு என்று தெரிந்துவிடும். 30 மீட்டர் டெம்மால் சொல்ல முடியாததை இரண்டு பேர் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் சொல்லிவிடுவார்கள். இன்னொன்று, பல தெருக்களில் பழைய தாரைச் சுரண்டாமல் மேலே மேலே போட்டுச் சாலையே வாசலை விட உயர்ந்துவிட்டது. வாசலுக்கும் சாலைக்கும் எவ்வளவு வித்தியாசம் என்று தனியாக ஒரு பத்தி வையுங்கள். மாநகராட்சிப் பொறியாளரிடம் காட்ட வேண்டிய முதல் எண் அதுதான்.

சர்வே கல் எழுதியது:

டியூப் லெவல் சரியான யோசனை. எல்லா அளவுக்கும் ஒரே தொடக்கப் புள்ளி வையுங்கள், யாரும் பெயர்த்துப் போட முடியாத இடமாக, கோயில் படி அல்லது பாலத்தின் கைப்பிடிச் சுவர். அதில் பெயின்ட் அடித்துக் குறி போடுங்கள், அடுத்த வருடமும் அதே குறியில் இருந்து அளக்க வேண்டும். கிராம வரைபடத்தைப் பொருத்தும் நாளில் சொல்லுங்கள், நான் வருகிறேன். தோரப்பாடியில்தான் இருக்கிறேன்.

மலையடி எழுதியது:

எங்கள் தெருவில் இருந்தே தொடங்குங்கள். கானாற்றுச் சிலாப்பை எடுத்து உள்ளே பார்க்க ஆள் வேண்டும், எங்கள் பசங்களை நிற்க வைக்கிறேன். மண்டபத்துக்காரரிடம் யார் பேசுவது என்று மட்டும் நீங்கள் முடிவு செய்துகொண்டு வாருங்கள்.

பாலாற்றங்கரை எழுதியது:

நானும் கானாறு அண்ணனும் போய்ப் பேசுகிறோம். வருகிற ஞாயிறு காலை ஏழு மணி, வெயில் ஏறுவதற்குள் முடிக்கலாம். டியூப் நான் கொண்டுவருகிறேன்.